ஒரு பாம்புக்கு எத்தனை பெயர்?

வட அமெரிக்காவின் வறண்ட பகுதிகளில் ஒரு சின்னப் பாம்பு உண்டு. நீளம் பெரும்பாலும் ஓர் அடிதான். பகலில் கல்லுக்கு அடியில் கிடக்கும், இரவில் வெளியே வந்து சிலந்தி, தேள், பூரான் என்று பிடித்துத் தின்னும். மனிதரை ஒன்றும் செய்யாது. அங்கே இதை 'கிரவுண்ட் ஸ்நேக்' என்பார்கள். நாம் தரைப்பாம்பு என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சாதுவை வகைப்படுத்துவதற்குள் விஞ்ஞானிகள் பட்ட பாடு இருக்கிறதே, அது 165 வருடக் கதை!

1853-ல் ஸ்பென்சர் பேர்டு, சார்லஸ் ஜிரார்டு இருவரும் வட அமெரிக்கப் பாம்புகளுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். வெளியிட்டது ஸ்மித்சோனியன் நிறுவனம். அதில்தான் இந்தப் பாம்பு 'சொனோரா செமிஅன்னுலேட்டா' ஆனது. முதல் பாதி ஊர்ப்பெயர். பின்பாதிக்கு 'அரை வளையம் கொண்டது' என்று பொருள். 1859-ல் ராபர்ட் கெனிகாட் என்பவர் டெக்சாஸில் கிடைத்த பாம்பை 'எபிஸ்கோபம்' என்று தனி இனமாக எழுதினார். அப்போது அவருக்கு 24 வயதுக்கு மேல் இல்லை! (1866-ல் அலாஸ்காவில் இறந்தும் போனார், பாவம்.) 1894-ல் லண்டன் அருங்காட்சியகப் பட்டியலில் பூலெஞ்சர் 'டெய்லரி' என்று இன்னொன்றைச் சேர்த்தார். இடையிலும் பிறகும் வந்த பெயர்களை எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

ஏன் இத்தனை பெயர்? காரணம் நிறம். ஒரு பாம்பு வெறும் பழுப்பாக இருக்கும். இன்னொன்றின் முதுகில் நீளமாகச் சிவப்புக் கோடு. வேறொன்றுக்குக் கறுப்புப் பட்டைகள். நான்காவதோ சிவப்பும் கறுப்புமாக, கொடிய விஷமுள்ள பவளப்பாம்பு போலவே வேஷம் போட்டிருக்கும். எல்லாம் ஒரே ஊரில், சில சமயம் ஒரே கல்லுக்கு அடியில்! போதாக்குறைக்கு, அந்தக் காலத்து ஆராய்ச்சியாளர்கள் பலர் பார்த்தது சாராய ஜாடியில் ஊறிய பாம்பை. அதில் சிவப்பு வெளுத்துப் போய்விடும்.

நிறத்தை நம்ப முடியாது என்றால் செதிலை எண்ண வேண்டியதுதான். உடம்பைச் சுற்றி எத்தனை வரிசை (இதற்கு 13 முதல் 15), வயிற்றில் எத்தனை, வாலுக்குக் கீழே எத்தனை என்று எண்ணுவார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் கணக்கு வேறுபடுவதால் அதையும் தனித்தனியே பார்க்க வேண்டும். வில்லியம் ஸ்டிக்கல் 1938-லும் 1943-லும் இப்படி உட்கார்ந்து எண்ணித்தான் குழப்பத்தில் பாதியைக் குறைத்தார்.

1979-ல் ஃபிராஸ்ட், வான் டெவெண்டர் என்ற இருவர் ஒரு படி மேலே போனார்கள். எபிஸ்கோபாவும் (கெனிகாட் வைத்த பெயர்தான், சொனோராவோடு சேர்ந்ததும் இப்படி ஆகிவிட்டது) செமிஅன்னுலேட்டாவும் ஒன்றே என்றார்கள். ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு பெயரில் பேரேடு எழுதியிருப்பதைக் கண்டுபிடித்தது போல! கணக்கு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. 2016-ல் வந்த ஓர் ஆய்வு, சிவப்பும் கறுப்பும் தனித்தனி மரபணுக்களால் வருகின்றன என்று காட்டியது. அதாவது ஒரே தாய் இட்ட முட்டைகளிலிருந்தே வேறு வேறு நிறக் குட்டிகள் வரலாம். ஆக, நிறத்தை வைத்து இனம் பிரித்தது தவறுதான். ஆனால் 2018-ல் கிறிஸ்டியன் காக்ஸ் குழுவினர் டி.என்.ஏ.வையும் உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, எபிஸ்கோபாவும் டெய்லரியும் தனி இனங்களே என்று மறுபடி பிரித்துவிட்டார்கள். கெனிகாட் ஜெயித்துவிட்டார்! அதற்காக 1979-ல் எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. கையில் இருந்த சான்றுக்கு அவர்கள் சொன்னது நியாயம்தான்.

இப்போது தலைவலி அருங்காட்சியகங்களுக்கு. நடுவில் இருந்த 39 வருடங்களில் 'செமிஅன்னுலேட்டா' என்று சீட்டு ஒட்டிய ஜாடியில் இருப்பது எந்தப் பாம்பு? பெயரைப் பார்த்துப் பயனில்லை. சீட்டில் பிடித்த ஊர் எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அரிசோனா என்றால் பெயர் அப்படியே இருக்கலாம். கான்சாஸ் என்றால் எபிஸ்கோபா. டெக்சாஸின் தென்கோடி என்றால்... ஜாடியைத் திறந்து மறுபடியும் செதில் எண்ண வேண்டியதுதான்.