பதுங்கியிருந்த சின்னம்மை

ஆங்கிலத்துல 'லர்க்'னு ஒரு வினைச்சொல் இருக்கு. ஒளிந்திருத்தல்னு அர்த்தம் சொல்லுவாங்க. எனக்கு அது பத்தாது. ஒளியறவன் தப்பிக்கிறதுக்காக ஒளியறான். லர்க்னா சமயம் பார்த்துக் காத்திருக்கிறது. நம்ம ஊர்ல புலி பதுங்குதுன்னு சொல்றோமே, அந்தப் பதுங்கல்.

(எதுவும் எழுதாம படிச்சுட்டு மட்டும் போறவங்களையும் நெட்ல லர்க்கர்னுதான் சொல்றாங்க. தாராளமா பதுங்குங்க!)

மருத்துவத்தில் இந்தச் சொல்லுக்குப் பொருத்தமான ஆள் சின்னம்மை வைரஸ்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹங்கேரி மருத்துவர் போகாய் ஒண்ணைக் கவனிச்சார். வீட்டுல பெரியவருக்கு அக்கி வந்தா, கொஞ்ச நாள்ல குழந்தைகளுக்குச் சின்னம்மை வருது. ரெண்டுக்கும் ஒரே கிருமியா? அப்படின்னா அந்தப் பெரியவருக்கு எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்ற சின்ன ஊர்ல குடும்ப டாக்டரா இருந்தவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன். 1947 முதல் 1962 வரை, 16 வருஷம், தன்கிட்ட வந்த அக்கி நோயாளிகளை எழுதி வச்சார். மொத்தம் 192 பேர். சின்னம்மை அலை அலையா வருது, அக்கி அப்படி வரல. வருஷம் பூரா ஒண்ணு ரெண்டா வருது, வயசு கூடக் கூட அதிகமாகுது.

1965இல் அவர் சொன்னது: அக்கி வெளியிலிருந்து வரல. சின்னப் பிள்ளையில வந்த அம்மை போகவே இல்ல. தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுல உட்கார்ந்திருக்கு. எதிர்ப்பு சக்தி குறையும்போது அந்த நரம்பு வழியாவே இறங்குது. உடம்புல ஒரு பக்கம் மட்டும் பட்டையா வர்றது அதனாலதான். 1983இல் இறந்தவர்களின் நரம்பு முடிச்சுகளில் அந்த வைரஸின் டிஎன்ஏவைக் கண்டுபிடிச்சாங்க. பதுங்கின இடம் சிக்கிருச்சு.

நம்ம ஊர்ல இன்னும் சூட்டினால வருதுன்னு காவி பூசி அக்கி எழுதுறாங்க. கொப்புளங்கள் பொதுவா 2 முதல் 4 வாரத்துல தானாவே காயும். எழுதினதாலதான் போச்சுன்னு தோணும். போனது கொப்புளம், வயசானவங்க சிலருக்கு எரிச்சல் வலி மாசக்கணக்கா நிற்கும். அசைக்ளோவிர் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் நல்ல பலன். எங்ககிட்ட பல பேர் காவியோட வர்றது அஞ்சாவது நாள்.

நெற்றியில, முக்கியமா மூக்கு நுனியில கொப்புளம் வந்தா அன்னைக்கே வாங்க. மூக்கு நுனிக்குப் போற நரம்பு கண்ணுக்கும் போகுது.