ஆண்ட்ராய்டு நகர்பேசியில் தொழிற்சாலை மென்பொருளை மீள்நிறுவுதல்

ஆண்ட்ராய்டு நகர்பேசியில் தொழிற்சாலை மென்பொருளை மீள்நிறுவுதல் என்பது, பயனரால் மாற்றியமைக்கப்பட்ட ஒரு நகர்பேசியின் இயங்குதளத்தை நீக்கி, அதன் தயாரிப்பு நிறுவனம் அந்த மாதிரிக்கென வெளியிட்ட மென்பொருளையே மீண்டும் எழுதும் செயற்பாடு ஆகும். பேச்சு வழக்கில் இது "ஸ்டாக் ரோம் போடுதல்" என்றும், பழுதுபார்க்கும் கடைகளில் "சாஃப்ட்வேர் போடுதல்" என்றும் அழைக்கப்படுகிறது.

ஒழுங்காகச் செய்தால் நகர்பேசி ஏறத்தாழ முந்தைய நிலைக்குத் திரும்பும். பொருந்தாத கோப்பை எழுதினாலோ, செய்ய வேண்டியவற்றின் வரிசை பிறழ்ந்தாலோ, நகர்பேசி இயங்காமற் போகலாம். அதில் உள்ள படங்களும் ஆவணங்களும் அழியலாம். அதன் அடையாள எண்ணும் இழக்கப்படலாம்.

தொழிற்சாலை மீட்டமைப்பிலிருந்து வேறுபாடு

நகர்பேசியின் அமைப்புகள் பக்கத்தில் உள்ள தொழிற்சாலை மீட்டமைப்பு என்னும் வசதியும் இச்செயற்பாடும் ஒன்றல்ல. மீட்டமைப்பு, பயனரின் தரவுகளையும் அவர் நிறுவிய செயலிகளையும் மட்டுமே அழிக்கும். இயங்குதளம் இருக்கும் பிரிவை அது தொடுவதில்லை. எனவே மாற்று இயங்குதளம் நிறுவப்பட்ட நகர்பேசியை எத்தனை முறை மீட்டமைத்தாலும் அதே மாற்று இயங்குதளமே புதிதாகத் தொடங்கும். தயாரிப்பாளரின் மென்பொருளைத் திரும்பப் பெற, அதன் படிமக் கோப்புகளை உரிய பிரிவுகளில் மீண்டும் எழுதியாக வேண்டும்.

பின்னணி

ஆண்ட்ராய்டு இயங்குதளத்தைக் கொண்ட முதல் நகர்பேசியான எச்.டி.சி. டிரீம் 2008 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இந்தியாவில் 2009 இல் எச்.டி.சி. மேஜிக் விற்பனைக்கு வந்தது. ஆண்ட்ராய்டின் பெரும்பகுதி திறந்த மூல நிரலாக இருந்ததால், அதை மாற்றியமைத்து வெளியிடும் தன்னார்வக் குழுக்கள் விரைவில் தோன்றின. அவற்றுள் பெயர் பெற்றது, ஸ்டீவ் கோண்டிக் என்பவர் 2009 இல் தொடங்கிய சயனோஜென்மோட் ஆகும்.

தமிழ்ப் பயனர்களுக்கு நகர்பேசியை மாற்றியமைக்கத் தனியொரு காரணமும் இருந்தது. ஆண்ட்ராய்டின் தொடக்ககாலப் பதிப்புகளைக் கொண்ட பல நகர்பேசிகளில் தமிழ் எழுத்துரு இல்லை. தமிழ்ப் பக்கங்கள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. ஓப்பரா மினி உலாவியில் எழுத்துகளைப் படமாகக் காட்டும் அமைப்பைப் பயன்படுத்திப் பலர் தமிழைப் படித்தனர். வேறு சிலர் ரூட் உரிமை பெற்று எழுத்துருக் கோப்பை இயங்குதளத்தினுள் சேர்த்தனர். 2014 இல் வெளியான ஆண்ட்ராய்டு 5.0 பதிப்பில் இடைமுகத்திற்கான மொழிகளுள் ஒன்றாகத் தமிழும் சேர்க்கப்பட்டது.

தொழிற்சாலை மென்பொருள் எது என்ற கேள்வி இந்தியாவில் நீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கோடு தொடர்புடையது. ஒன்பிளஸ் ஒன் நகர்பேசி 2014 டிசம்பரில் இந்தியாவில் சயனோஜென் இயங்குதளத்துடன் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் அம்மென்பொருளைப் பயன்படுத்தும் தனியுரிமை தன்னிடம் இருப்பதாகக் கூறி மைக்ரோமேக்ஸ் நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. அம்மாதமே விற்பனைக்கு இடைக்காலத் தடை விதிக்கப்பட்டு, பின்னர் இரு நீதிபதிகள் அமர்வால் அது விலக்கப்பட்டது. 2015 இல் ஒன்பிளஸ் தன் சொந்த இயங்குதளமான ஆக்சிஜன் ஓஎஸ்-ஐ வெளியிட்டது. சயனோஜென் நிறுவனம் 2016 இறுதியில் தன் சேவைகளை நிறுத்தியது. தன்னார்வலர்கள் அப்பணியை லீனியேஜ் ஓஎஸ் என்ற பெயரில் தொடர்ந்தனர். இதனால் அந்நகர்பேசி பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டபோது கொண்டிருந்த மென்பொருளை வெளியிட்ட நிறுவனமே பின்னாளில் இல்லாமற் போயிற்று. எந்த நகர்பேசிக்கும் அதன் தொழிற்சாலைக் கோப்புகள் கிடைக்கும் காலத்திலேயே ஒரு படியைச் சேமித்து வைப்பது நல்லது என்பதை இது காட்டுகிறது.

மீள்நிறுவுவதற்கான காரணங்கள்

- வங்கிச் செயலிகளும் யு.பி.ஐ. பணப்பரிமாற்றச் செயலிகளும் ரூட் செய்யப்பட்ட அல்லது பூட்டு நீக்கப்பட்ட நகர்பேசிகளில் இயங்க மறுக்கலாம். கூகுள் வழங்கும் நம்பகத்தன்மைச் சோதனையை இவற்றுட் பல பயன்படுத்துகின்றன.
- தயாரிப்பாளரின் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் மாற்றப்பட்ட இயங்குதளத்தில் நிறுவப்படுவதில்லை.
- மாற்று இயங்குதளத்தில் ஒளிப்படக் கருவி, கைரேகை உணரி, அழைப்புகள் போன்றவை சரிவர இயங்காதிருக்கலாம்.
- நகர்பேசியைப் பிறருக்கு விற்கும் முன்போ, சேவை மையத்திற்குக் கொடுக்கும் முன்போ பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கலாம்.

நினைவகப் பிரிவுகள்

நகர்பேசியின் உள்நினைவகம் பல பிரிவுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொன்றின் பணியையும் அறிந்தால் எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்பது விளங்கும்.

- தொடக்க ஏற்றி: மின்விசையை அழுத்தியதும் முதலில் இயங்குவது, இயங்குதளத்தை நினைவகத்தில் ஏற்றுவது. பூட்லோடர் எனவும் வழங்கும். இது பழுதுற்றால் நகர்பேசி திரையே காட்டாமற் போகலாம்.
- தொடக்கப் பிரிவு: கருனி இருக்கும் இடம். மேஜிஸ்க் போன்ற ரூட் கருவிகள் பெரும்பாலும் இதையே மாற்றுகின்றன.
- மீட்புப் பிரிவு: இயங்குதளம் இயங்காதபோது பயன்படும் சிறு மென்பொருள்.
- இயங்குதளப் பிரிவு: ஆண்ட்ராய்டும் தயாரிப்பாளரின் செயலிகளும் இருக்கும் இடம்.
- தரவுப் பிரிவு: பயனரின் படங்கள், செய்திகள், செயலிகள்.
- அடையாளப் பிரிவுகள்: நகர்பேசியின் ஐ.எம்.ஈ.ஐ. எண், வானலைச் சீரமைப்பு அளவுகள் ஆகியவை. சாம்சங் நகர்பேசிகளில் இஎஃப்எஸ் என்றும், மீடியாடெக் சில்லு கொண்டவற்றில் என்விரேம் என்றும் இவை அறியப்படுகின்றன.

இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டவை ஒவ்வொரு நகர்பேசிக்கும் தனித்தனியானவை. தொழிற்சாலைப் படிமத்தில் அவை இரா. ஆகவே ஒருமுறை அழிந்தால் அப்படிமத்தைக் கொண்டு அவற்றைத் திரும்பப் பெற முடியாது.

முன்னேற்பாடுகள்

1. நகர்பேசியின் துல்லியமான மாதிரி எண், விற்பனைப் பகுதி, தற்போதைய மென்பொருள் பதிப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே வணிகப் பெயரில் வெவ்வேறு சில்லுகளைக் கொண்ட மாதிரிகள் விற்கப்படுவதுண்டு.
2. *#06# என்று அழுத்தினால் தோன்றும் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணை எழுதி வைக்க வேண்டும். இரு சிம் அட்டைகள் கொண்டவற்றில் இரு எண்கள் இருக்கும்.
3. படங்கள், தொடர்புகள், அரட்டைப் பதிவுகள் ஆகியவற்றை நகர்பேசிக்கு வெளியே படியெடுக்க வேண்டும். பூட்டு நீக்கம், மீண்டும் பூட்டுதல் ஆகிய இரண்டுமே பொதுவாகத் தரவுப் பிரிவை முற்றாக அழிப்பவை.
4. கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை உறுதிசெய்ய வேண்டும். ஆண்ட்ராய்டு 5.1 பதிப்பு முதல் உள்ள திருட்டுத் தடுப்பு வசதி, முன்பு பயன்பட்ட கணக்கை மீண்டும் கேட்கக்கூடும்.
5. மின்கலத்தில் பாதிக்கு மேல் மின்னேற்றம் இருக்க வேண்டும். பழுதற்ற வடம் பயன்படுத்த வேண்டும். எழுதும்போது இணைப்பு அறுபடுவது பெரும் இடர்களுள் ஒன்று.
6. படிமக் கோப்பைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பெறுவதே சிறந்தது. வெளியிட்டவர் சரிபார்ப்புத் தொகையைத் தந்திருந்தால் பதிவிறக்கிய கோப்புடன் ஒப்பிட வேண்டும்.

செய்முறை

கருவிகள் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபட்டாலும் வரிசை ஒன்றே: தரவைப் படியெடுத்தல், பொருந்தும் படிமத்தை எழுதுதல், ஒருமுறை முழுமையாகத் தொடங்கிச் சோதித்தல், அதன் பின்னரே பூட்டுதல்.

ரூட் மட்டும் செய்யப்பட்டு இயங்குதளம் மாற்றப்படாத நகர்பேசிக்கு முழு மீள்நிறுவல் தேவைப்படாமலிருக்கலாம். மேஜிஸ்க் செயலியில் உள்ள நீக்கும் வசதி, சேமித்து வைத்த பழைய தொடக்கப் படிமத்தைத் திருப்பி வைக்கும்.

கூகுள்: பிக்சல் நகர்பேசிகளுக்கான படிமங்களைக் கூகுளே வெளியிடுகிறது. நகர்பேசியை ஃபாஸ்ட்பூட் நிலையில் கணினியுடன் இணைத்து, படிமத்துடன் வரும் கட்டளைக் கோப்பை இயக்கினால் எல்லாப் பிரிவுகளும் வரிசையாக எழுதப்படும். உலாவியிலிருந்தே இதைச் செய்யும் கருவியும் உண்டு.

சாம்சங்: டவுன்லோடு நிலையில் ஒடின் என்னும் விண்டோசு மென்பொருள் பயன்படுகிறது. பி.எல்., ஏ.பி., சி.பி., சி.எஸ்.சி. என நான்கு கோப்புகள் உண்டு. சி.எஸ்.சி. கோப்பு தரவை அழிக்கும், ஹோம் சி.எஸ்.சி. கோப்பு தரவை வைத்துக்கொண்டு எழுதும். மாற்று இயங்குதளத்திலிருந்து திரும்புவோர் முன்னதையே பயன்படுத்த வேண்டும். இல்லையேல் பழைய தரவும் புதிய இயங்குதளமும் முரண்பட்டு நகர்பேசி தொடங்காமற் போகலாம்.

ஷாவ்மி: மிஃபிளாஷ் என்னும் கருவி பயன்படுகிறது. அதன் சாளரத்தின் அடியில், அழித்தபின் பூட்டுதல் என்ற தெரிவே இயல்பாக அமைந்திருப்பதுண்டு. அதைக் கவனியாமல், சீனச் சந்தைக்கான வன்பொருளில் உலகளாவியப் பதிப்பை எழுதுவோரின் நகர்பேசி பூட்டப்பட்டு, இயங்க மறுக்கும். எனவே அழிக்க மட்டும் செய்யும் தெரிவை முதலில் தேர்வதே பாதுகாப்பானது.

மீடியாடெக் சில்லு கொண்டவை: இந்தியாவில் விற்கப்பட்ட குறைந்த விலை நகர்பேசிகள் பலவற்றில் இச்சில்லு இருந்தது. எஸ்.பி. ஃபிளாஷ் டூல் என்னும் கருவி, ஸ்கேட்டர் கோப்பில் உள்ள நினைவக வரைபடத்தைக் கொண்டு எழுதும். இதில் எழுதுதல் மட்டும் என்ற தெரிவே போதுமானது. அனைத்தையும் வடிவமைத்து எழுதுதல் என்ற தெரிவு என்விரேம் பிரிவையும் அழித்து, ஐ.எம்.ஈ.ஐ. எண்ணை இழக்கச் செய்யும். பின்பு நகர்பேசி இயங்கும். ஆனால் வலையமைப்பு கிடைக்காது.

பழைய பதிப்பை எழுதுதல்

தொழிற்சாலை மென்பொருள் என்பது நகர்பேசி வாங்கிய அன்று இருந்த பதிப்பாக இருக்க வேண்டியதில்லை. பாதுகாப்புக் குறைகள் உள்ள பழைய பதிப்புக்குத் திரும்புவதைத் தடுக்கத் தயாரிப்பாளர்கள் பின்செல் தடுப்பு என்னும் முறையைக் கையாளுகின்றனர். நகர்பேசியில் பதிந்துள்ள எண், எழுதப்படும் பதிப்பின் எண்ணைவிட உயர்ந்திருந்தால் அப்பதிப்பு ஏற்கப்படாது. 2018 இல் ஷாவ்மி இம்முறையைக் கொண்டுவந்தபோது, இந்தியாவில் பரவலாக விற்ற ரெட்மி நோட் 5 புரோ நகர்பேசியில் பழைய பதிப்பை எழுதிய பயனர்கள் சிலர் தம் நகர்பேசியை முற்றிலும் முடக்கிக்கொண்டனர். நிறுவனத்தின் அனுமதி பெற்ற கணக்கு இன்றி அவற்றை மீட்க இயலவில்லை. ஆகவே தற்போதுள்ள பதிப்பையோ, அதற்குப் பிந்தியதையோ எழுதுவதே முறையாகும்.

மீண்டும் பூட்டுதல்

பூட்டிய தொடக்க ஏற்றி, ஒவ்வொரு பிரிவும் தயாரிப்பாளரின் கையொப்பத்துடன் பொருந்துகிறதா என்று சோதிக்கும். பூட்டு நீக்கப்பட்டிருக்கும் வரை, பொருந்தாவிடினும் எச்சரிக்கை காட்டிவிட்டு இயங்கவிடும். பூட்டியபின் பொருந்தாவிடின் இயங்க மறுக்கும். எனவே பின்வருவனவற்றை உறுதிசெய்யாமல் பூட்டலாகாது.

- நகர்பேசி தொழிற்சாலை மென்பொருளுடன் முழுமையாகத் தொடங்கியிருக்க வேண்டும்.
- ஐ.எம்.ஈ.ஐ. எண், அழைப்பு, வைஃபை, கைரேகை ஆகியவை சரியாக இருக்க வேண்டும்.
- மீட்புப் பிரிவும் தயாரிப்பாளருடையதாக இருக்க வேண்டும்.
- உருவாக்குநர் அமைப்புகளில் பூட்டு நீக்க அனுமதி திறந்தே இருக்க வேண்டும். அது மூடியிருக்கையில் பூட்டி, நகர்பேசி தொடங்காவிடின், மீண்டும் பூட்டை நீக்க வழியிராது.

திரும்பப் பெற முடியாதவை

சில தடயங்கள் மீள்நிறுவலாலும் மறையா. சாம்சங் 2013 முதல் நாக்ஸ் பாதுகாப்புடன் வெளியிட்ட நகர்பேசிகளில், அனுமதியற்ற மென்பொருள் எழுதப்பட்டதும் வன்பொருளில் உள்ள மின்னுருகி ஒன்று நிலையாக மாறிவிடுகிறது. அதன்பின் பாதுகாப்புக் கோப்புறை போன்ற வசதிகள் அந்நகர்பேசியில் இயங்குவதில்லை. சோனியின் எக்ஸ்பீரியா நகர்பேசிகள் பலவற்றில் பூட்டை நீக்கியபோது டிரிம் பகுதியில் இருந்த சாவிகள் அழிந்தன. அவற்றை நம்பியிருந்த ஒளிப்பட மேம்பாட்டு வசதிகளும் குறைந்தன.

ஐ.எம்.ஈ.ஐ. எண்ணும் சட்டமும்

முறையான ஐ.எம்.ஈ.ஐ. எண் இல்லாத நகர்பேசிகளுக்கான இணைப்பு இந்தியாவில் 2009 டிசம்பர் முதல் துண்டிக்கப்பட்டது. அவ்வெண்ணை வேண்டுமென்றே நீக்குவதையும் மாற்றுவதையும் 2017 ஆம் ஆண்டு விதிகள் தடைசெய்தன. தொலைந்த நகர்பேசிகளை இவ்வெண்ணைக் கொண்டு முடக்கும் சஞ்சார் சாத்தி தளம் 2023 மே மாதத்தில் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டது. எண் அழிந்த நகர்பேசியில் வேறொரு நகர்பேசியின் எண்ணை எழுதினால், அந்த எண் முடக்கப்படும்போது இதுவும் முடங்கும். எழுதியவரும் சட்ட நடவடிக்கைக்கு உள்ளாவார்.

பழுதுபார்க்கும் கடைகளில்

நிறுவனங்களின் சேவை மையங்கள் பெரும்பாலும் நகரங்களிலேயே அமைந்துள்ளன. திருச்சிராப்பள்ளி மாவட்டம் துறையூர் வட்டத்தில் உள்ள உப்பிலியபுரம் போன்ற பேரூராட்சிகளில் வசிப்போர், சேவை மையத்தை நாடி திருச்சிராப்பள்ளிக்குச் செல்வதைவிட அருகில் உள்ள கடையில் கொடுப்பதே எளிது. அங்ஙனம் கொடுப்பதில் தவறில்லை. எனினும் ஐ.எம்.ஈ.ஐ. எண்ணைக் குறித்துக்கொள்ளுதல், படங்களைப் படியெடுத்தல், சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் கழற்றிக்கொள்ளுதல் ஆகியவற்றைக் கொடுக்கும் முன்பே செய்தாக வேண்டும். தரவு அழியுமா, எந்தப் பதிப்பு எழுதப்படும் என்று கேட்டறிவதும் நன்று. திரும்பப் பெறும்போது கடையிலேயே *#06# அழுத்தி, குறித்து வைத்த எண்ணுடன் ஒப்பிட்டு, ஓர் அழைப்பும் செய்து பார்க்க வேண்டும்.