சாதனம் வேண்டாம், கதகதப்பு போதும்

குளிர்நாடான பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளைச் சூடாக்குவது எரிவாயுக் கொதிகலன்தான். கரிம வெளியீட்டைக் குறைக்க அங்கு முன்வைக்கப்படும் மாற்று, ஹீட் பம்ப். நம் வீட்டுக் குளிரூட்டி அறையின் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. இதுவோ வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவருகிறது. ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய 3 யூனிட் வெப்பம் கிடைக்கும். ஆனால், பொருத்தும் செலவு பல ஆயிரம் பவுண்டு. சரியாக வேலை செய்யுமா என்ற அச்சம் வேறு.

இதற்குத் தீர்வாக வந்ததே ‘வெப்பச் சேவை’. நிறுவனம் சாதனத்தைப் பொருத்திப் பராமரிக்கும்; குடும்பம் கட்டணம் செலுத்தும். டென்மார்க்கில் இத்தகைய ஹீட் பம்ப் சந்தாத் திட்டங்கள் உண்டு. பிரிட்டனின் எனர்ஜி சிஸ்டம்ஸ் கேட்டபுல்ட் அமைப்பு, முதலில் எரிவாயுக் கொதிகலன் உள்ள வீடுகளில் ‘கதகதப்பான மணிநேரங்களை’ விற்றுப் பார்த்தது. எந்த அறை, எத்தனை மணி நேரம், எவ்வளவு சூடு என்பதே கணக்கு.

சாதனம் மின்சாரத்தை விழுங்கினால் நட்டம் நிறுவனத்துக்கு. அதனால் ஒழுங்காகப் பொருத்துவதில் அதற்கே அக்கறை இருக்கும்.

ஆபத்தும் உண்டு. 2019இல் இம்முறையைச் சோதித்த பிரிஸ்டல் எனர்ஜி, 2020இல் தன் வீட்டு வாடிக்கையாளர்களை டுகெதர் எனர்ஜிக்கு விற்றது. அந்நிறுவனமும் 2022 ஜனவரியில் மூடப்பட்டது.

எனவே, கையெழுத்திடுமுன் கேட்க வேண்டியவை மூன்று: நிறுவனம் மூடப்பட்டால் பழுதுபார்ப்பது யார்? வீட்டை விற்றால் ஒப்பந்தம் என்னவாகும்? எத்தனை டிகிரி சூடு என்பது எழுத்தில் உள்ளதா?