கராச்சி – சென்னை வான்வழி அஞ்சல்

கராச்சி – சென்னை வான்வழி அஞ்சல் என்பது 1932 அக்டோபர் 15 அன்று டாட்டா நிறுவனம் தொடங்கிய விமான அஞ்சல் சேவையாகும். இந்தியாவில் இரு தொலைதூர நகரங்களுக்கு இடையிலான பயண நேரம் எவற்றால் முடிவாகிறது என்பதற்கு இச்சேவை நல்ல எடுத்துக்காட்டு.

முந்தைய நிலை

1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை திருவள்ளூர் வழியாகச் சென்றது. அதில் அரக்கோணத்திலிருந்து வடமேற்கே பிரிந்த பாதை, 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையுடன் இணைந்தது. சென்னைக்கும் பம்பாய்க்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 1,030 கி.மீ. மட்டுமே. வளைந்து செல்லும் ரயில் பாதையோ ஏறத்தாழ 1,280 கி.மீ. நீளமுடையது.

1929இல் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் லண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே விமான அஞ்சலைத் தொடங்கியது. ஆனால் கராச்சியில் இறங்கிய சென்னைக் கடிதங்கள் அங்கிருந்து ரயிலில்தான் வரவேண்டியிருந்தது. வானில் மிச்சமான நேரத்தில் ஒரு பங்கு தரையில் கரைந்தது.

முதல் பயணம்

கராச்சியிலிருந்து ஜே. ஆர். டி. டாட்டா, ஒற்றை இயந்திரம் கொண்ட 'புஸ் மாத்' விமானத்தைக் காலையில் ஓட்டிப் புறப்பட்டார். அகமதாபாத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு பிற்பகலில் பம்பாயின் ஜுஹு திடலில் இறங்கினார். அங்கிருந்து அஞ்சல் பைகளை நெவில் வின்சென்ட் வேறொரு விமானத்தில் எடுத்துச் சென்றார். அன்றிரவு பெல்லாரியில் தங்கி, மறுநாள் சென்னையை அடைந்தார்.

தூரமும் நேரமும்

இந்த வழித்தடத்தின் நீளம் ஏறத்தாழ 2,100 கி.மீ. விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 160 கி.மீ. இக்கணக்கின்படி பறக்கும் நேரம் 13 மணி. எனினும் அஞ்சல் வந்து சேர இரண்டாம் நாள் ஆயிற்று. விமானத்தில் வானொலிக் கருவி இல்லை. வழியில் இரவில் இறங்குவதற்கான விளக்கு வசதியும் இல்லை. எனவே பொழுது சாய்ந்ததும் பயணம் நின்றது. தாமதத்திற்குப் பெருங்காரணம் தூரமன்று, இருட்டே.

பிற்கால வளர்ச்சி

1938இல் இச்சேவை கொழும்பு வரை நீட்டிக்கப்பட்டது. 1949இல் இரவு அஞ்சல் விமானச் சேவை தொடங்கியது. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களின் விமானங்கள் நள்ளிரவில் நாக்பூரில் கூடி, பைகளை மாற்றிக்கொண்டு திரும்பின. பெல்லாரியில் தடையாக இருந்த இரவே இப்போது அஞ்சலுக்குரிய நேரமாயிற்று.

இன்று

தற்போது சென்னையிலிருந்து மும்பைக்கு விமானப் பயணம் சுமார் 2 மணி நேரம். ரயிலில் ஏறத்தாழ ஒரு நாள். ஆயினும் வடக்கே கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலிருந்து கிளம்புபவர், சென்னைக்குத் தெற்கே மீனம்பாக்கம் சேர்வதற்கும், விமான நிலையச் சோதனைகளுக்கும், மும்பையில் இறங்கிய பின் ஊருக்குள் செல்வதற்கும் ஆகும் நேரத்தைக் கூட்டினால், அது பறக்கும் நேரத்தை மிஞ்சிவிடக்கூடும். 1932இல் போலவே இன்றும் பறக்கும் நேரம் வேறு, பயண நேரம் வேறு.