தடவு முதல் மின்கணப்பு வரை

மார்கழி விடியலில் திருநள்ளாற்று நளதீர்த்தத்தின் கரையில் நின்றவர்களுக்கு அந்தக் குளிரைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. உடலெங்கும் நல்லெண்ணெய், அதன்மேல் குளத்துநீர், அதன்மேல் வாடைக்காற்று! வாக்கியப் பஞ்சாங்கப்படி 2014, 2017, 2020, 2023 ஆகிய ஆண்டுகளின் சனிப்பெயர்ச்சிகள் நான்குமே டிசம்பர் மாதத்தில்தான் நிகழ்ந்தன. அந்த இரவுகளில் வேன்களிலும் பேருந்துகளிலும் வந்து, வண்டிக்குள்ளேயே படுத்துறங்கி, விடியுமுன் நீராடியவர்கள் ஏராளம். அவர்களுள் பலர் அங்கிருந்து கொடைக்கானலுக்கோ உதகைக்கோ பயணத்தைத் தொடர்வதும் உண்டு. வண்டிக்குள் உறங்குபவர் குளிரை எவ்வாறு ஆற்றுவது என்னும் கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். ஆயினும் அதற்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது. உயிரைக் காக்கும் பாடம் ஒன்றும் அதில் இருக்கிறது.

வெப்ப நாட்டவர் என்று நம்மை நாமே சொல்லிக்கொண்டாலும், பெரும்பொழுதுகள் ஆறனுள் கூதிர், முன்பனி, பின்பனி என மூன்றைக் குளிருக்கென ஒதுக்கியவர்கள் நம் முன்னோர். அக்குளிரைக் காட்சிகளாகவே விரித்துக் காட்டுவது நக்கீரரின் நெடுநல்வாடை. பத்துப்பாட்டில் ஒன்றான இந்நூல் 188 அடிகளைக் கொண்டது, 1889இல் உ.வே.சாமிநாதையரின் பதிப்பால் அச்சில் உலவத் தொடங்கியது. மழை வெள்ளத்திற்கு அஞ்சி மேட்டுநிலத்திற்கு மாடுகளை ஓட்டிச்சென்ற கோவலர், தீமூட்டிக் கைகாய்ந்தும் பற்கள் நடுங்க நிற்கிறார்கள். நகரத்திலோ தென்றலுக்காக அமைத்த சாளரங்களின் கதவுகள் தாழிடப்பட்டுக் கிடக்கின்றன. குறுகிய வாயுடைய கலத்தின் தண்ணீரை எவரும் தேடவில்லை. அகன்ற வாயுடைய 'தடவு' என்னும் கலத்தில் இட்ட நெருப்பின் வெம்மையையே நாடுகிறார்கள். பிற்காலத்தில் நாம் கணப்பு என்றும் குமுட்டி என்றும் அழைத்தவை இந்தத் தடவின் வழித்தோன்றல்களே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோவலர் வெட்டவெளியில் காய்ந்தார்கள். நகரத்தாரோ சாளரத்தை அடைத்துவிட்டுக் காய்ந்தார்கள். ஓடும் கூரையும் ஆயிரம் இடுக்குகளும் கொண்ட வீட்டில் அது பெருந்தீங்கு செய்திராது. இறுக மூடிய சிறிய அறையில் அதே கரிநெருப்பு கூற்றுவனாகிவிடும். கனலும் கரியிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு பிணைவதில் அது ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கும் மேல் வலியது. புகையில்லாத கனல் பாதுகாப்பானது என்று நம்பி உறங்குபவர் விழிப்பதில்லை. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்னும் மலையூர் விடுதியில், கேரளத்திலிருந்து சென்ற எட்டுப் பேர் ஒரே அறையில் உயிரிழந்தார்கள். அவர்களுள் நால்வர் குழந்தைகள். அறைக்குள் எரிந்தது எரிவாயு வெப்பமூட்டி. வேனின் உட்புறம் அந்த அறையைக் காட்டிலும் எத்துணைச் சிறியது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

காஷ்மீரத்தார் கண்ட தீர்வு வேறு. பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, சட்டிக்குள் கனல்; இந்தக் காங்ரியைத் தம் நீண்ட அங்கிக்குள் வைத்துக்கொள்வார்கள். அறை குளிர்ந்து கிடந்தாலும் ஆள் குளிர்வதில்லை. இடையறாது சுடுபட்ட தோலில் புற்று தோன்றுவதை 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்களே பதிவு செய்துவிட்டார்கள். கருவியில் குறை இருந்தது. காற்றைச் சுடவைப்பதை விட மனிதனைச் சுடவைப்பதே சிக்கனம் என்ற கருத்தில் குறையில்லை.

நெருப்பை வெளியே நிறுத்திவிட்டு அதன் வெம்மையை மட்டும் உள்ளே அழைத்துவருவது மின்சாரம் வந்த பிறகு எளிதாயிற்று. கம்பியில் ஓடும் மின்னோட்டத்தால் எவ்வளவு வெப்பம் பிறக்கும் என்பதை 1840களின் தொடக்கத்தில் ஜூல் வகுத்துக் கூறினார். பழுக்கக் காய்ந்தும் எளிதில் உருகாத, துருவேறி உதிராத நிக்கல்-குரோமியக் கலவைக்கு 1906இல் ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை பெற்றார். நம் தெருவோரத்துக் கரி இஸ்திரிப்பெட்டி மின்பெட்டியாக மாறியதும், குமுட்டி மின்கணப்பாக மாறியதும் இக்கம்பியின் புண்ணியத்தால்தான். காரைக்காலுக்குத் தெற்கே திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் 2000ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. எரிவது அங்கே, வெம்மை இங்கே. எரிவாயுவை வண்டிக்குள்ளேயே எரித்தால் நச்சுக்காற்று மட்டுமன்று. ஒரு கிலோ வாயுவுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவியும் சேரும். ஈரமே பகையான கடற்கரையில் அது எதற்கு?

அப்படியானால் எந்த மின்கணப்பு? முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆறு ஆம்பியர் செருகுவாய் 230 வோல்ட்டில் 1,380 வாட்டுக்கு மேல் தாங்காது. 2,000 வாட் கணப்புக்கு ஏறத்தாழ ஒன்பது ஆம்பியர் வேண்டும். விடுதி முற்றத்திலிருந்து மெல்லிய நீட்டிப்புக் கம்பியில் அதை இழுத்தால், ஜூலின் விதி அந்தக் கம்பியையே கணப்பாக்கிவிடும். வண்டியின் மின்கலத்தை நம்பலாமோ? 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி மின்கலம் முழுதாகத் தருவதே 1.2 யூனிட். ஆயிரம் வாட் கணப்பு ஒரு மணியளவில் அதை வற்றச் செய்துவிடும். காரீய மின்கலமாயின் அரைமணிக்கு மேல் எடுப்பது அதன் ஆயுளைக் குறைக்கும்.

இனி வகைகள். செந்நிறமாய் ஒளிரும் தண்டுக் கணப்பு உடனே சுடும். ஆனால் கைநீட்டினால் துணிதொடும் இடத்தில், அதிலும் நல்லெண்ணெய் ஊறிய துணி கிடக்கும் வண்டியில், அதை வைப்பது அறிவுடைமையன்று. எண்ணெய் நிரப்பிய கணப்பு மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும், ஓசையில்லை. கனமானதாகையால் வண்டி ஓடும்போது கட்டிவைக்க வேண்டும். விசிறியுள்ள பீங்கான் கணப்பு சிறியது, விரைவானது. வெப்பநிலைக் கட்டுப்பாடும் சாய்ந்தால் தானே அணையும் அமைப்பும் உள்ளதாகத் தேர்வது நலம். மின்கம்பளமோ 60 முதல் 100 வாட்டில் ஓர் ஆளை இரவு முழுவதும் காக்கும். காங்ரியின் கருத்து, கனலின்றி! எனவே முதலில் கம்பளம், அது போதாத மலையிரவுக்குத் துணையாக ஆயிரம் வாட் அளவில் எண்ணெய்க் கணப்போ பீங்கான் கணப்போ என்பதே நம் தேர்வு. எதுவாயினும் சாளரத்தில் ஒரு விரற்கடை திறந்திருக்கட்டும். மூச்சின் ஈரம் வெளியேற வேண்டும்.

ஆனால் திருநள்ளாற்றுக்கே இது தேவையா? காரைக்காலில் தையிலும் பாதரசம் பொதுவாக 21, 22 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. நடுக்கம் வருவது ஈரத்தால். நனைந்த உடையில் ஒரு லிட்டர் நீர் இருந்தால், அது உலர்வதற்கு 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதாவது ஆயிரம் வாட் கணப்பு நாற்பது நிமிடம் தரும் வெப்பம். அதில் பெரும்பகுதியை உடலே கொடுக்க நேர்கிறது. நீராடியதும் உடுத்த துணியை அங்கேயே நீத்து உலர்ந்த ஆடை அணிவது இத்தலத்து வழக்கம். அதன் நோக்கம் தோஷம் நீங்குவது. கூடவே நடுக்கமும் நீங்குகிறது. அன்றைய கூண்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம் விரித்தவர்களும் இதையே அறிந்திருந்தார்கள்: முதலில் ஈரத்தைத் தள்ளு, காற்றைத் தடு, தரையின் குளிரை விலக்கு, எஞ்சியதற்கே நெருப்பு. துணைக்கணப்பு என்ற பெயரிலேயே அது துணைதான் என்பது அடங்கியிருக்கிறது.

இத்தலத்துக்கும் நெருப்புக்கும் பழந்தொடர்பு உண்டு. மதுரை அனல்வாதத்தில் சம்பந்தர் தீயிலிட்ட ஏடு திருநள்ளாற்றுப் பதிகம். அது வேகாமல் பச்சையாகவே இருந்ததால் பச்சைப்பதிகம் எனப்பெயர் பெற்றது என்பர். தீர்த்தத்துக்குப் பெயர்தந்த நளனோ, நினைத்த இடத்தில் நெருப்பைத் தோற்றுவிக்கும் வரத்தை அக்கினியிடம் பெற்றவன் என்கிறது மகாபாரதம். விறகின்றி, புகையின்றி வெம்மை. இன்று நாம் விசையைத் தட்டிப் பெறுவதும் அதுவேயன்றோ! அத்தகைய வரம் பெற்றவன்தான் கானகத்தில் ஒற்றை ஆடையைத் தமயந்தியோடு பகிர்ந்து கிடந்து, நள்ளிரவில் அதில் பாதியைக் கிழித்துக்கொண்டு பிரிந்தான். நெருப்பு அவனிடம் இருந்தது, இல்லாதது துணிதான்.

வண்டியில் புறப்படும் நண்பர்கள் கணப்பை வாங்குமுன் போர்வைகளை எண்ணிக்கொள்ளட்டும். கரிச்சட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் உள்ளே ஏற்ற வேண்டாம்.