கூனிக்குள் இரண்டு குலம்

கோவளத்துப் பக்கம் கருவாட்டுக் கூடையில் சென்னாகூனி என்று விலைபோவது பெரும்பாலும் அசிடிஸ் என்னும் சிற்றிறால். முட்டுக்காடு முகத்துவாரத்தை ஒட்டிய ஆழமில்லாத கடலில் சிறுகண் வலையை இழுத்தால் அதோடு மைசிட் என்னும் இன்னொரு சிற்றுயிரும் கலந்து வரலாம். ஒளி ஊடுருவும் உடல், துருத்திய கரிய கண், வளைந்த வால் என்று இரண்டும் ஒரே சாடை. குழம்பு வைப்பவருக்கு இரண்டும் கூனிதான். வகைப்பாட்டியலில் இவை வெவ்வேறு குலம்.

இதைக் கண்டுகொள்ள அறிவியலுக்கும் வெகுகாலம் ஆயிற்று. 1758இல் லின்னேயஸ் நண்டையும் இறாலையும் ஒரே பேரினத்தில் போட்டு, பூச்சிகளின் வகுப்பில் சேர்த்துவிட்டார். பின்வந்தவர்கள், கால்கள் இரு கிளையாகப் பிரிந்திருப்பதைக் கண்டு மைசிடையும் இறாலின் உறவான கிரில்லையும் ஸ்கைசோபோடா என்று ஒன்றாகக் கட்டினார்கள். டென்மார்க்கின் போவாஸ் 1883இல் அந்தக் கட்டை அவிழ்த்தார். ஆனாலும் பழைய பெயர் லேசில் போகவில்லை. திருவிதாங்கூர்க் கடலின் மிதவை ஓட்டுயிரிகளைப் பற்றி ந. கிருஷ்ண பிள்ளை 1957இல் எழுதிய ஆய்விலும் அதுவே தலைப்பில் நிற்கிறது.

இரண்டையும் பிரித்தறிய 1904இல் விலங்கியலாளர் கால்மன் காட்டிய வழி, ஓட்டைத் தூக்கிப் பார்ப்பது. அசிடிஸின் முதுகு ஓடு மார்புக் கணுக்கள் அனைத்தோடும் ஒட்டி இறுகியிருக்கும்; ஊசியால் நெம்பினால் கிழியுமே தவிரக் கழலாது. மைசிடில் ஓடு முன்கணுக்களோடு மட்டுமே ஒட்டியிருக்கும். பின்கணுக்கள் போர்வைக்குள் விடுபட்டுக் கிடக்கும். முதிர்ந்த பெண்ணானால் மார்புக் கால்களின் அடியிலிருந்து வளர்ந்த தகடுகள் கூடி ஒரு பையாகியிருக்கும். முட்டை அதிலேயே பொரிந்து, குஞ்சு தாயின் சாயலோடு வெளியேறும். இந்தப் பைதான் மைசிடை இறாலிடமிருந்து பிரித்து, அலைக்கரைப் பாறை இடுக்குகளில் ஓடி ஒளியும் லிஜியாவோடு உறவாக்கியது. சில மரபணு ஆய்வுகள் இந்த உறவை ஏற்பதில்லை. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

அசிடிஸின் கதை வேறு. பத்துக் காலிகள் என்ற வரிசையில் இருந்துகொண்டே அது கடைசி இரண்டு இணை நடைக்கால்களை இழந்துவிட்டது. காலை மட்டும் எண்ணினால் அதை வரிசையை விட்டே விலக்க வேண்டியிருக்கும். ஆனால் கிளைகிளையாகப் பிரியும் செவுளும், முட்டையை வயிற்றில் சுமக்காமல் கடலில் விட்டுவிடும் வழக்கமும் அதைப் புலி இறாலின் பங்காளி என்கின்றன. உறுப்பு இல்லாததைச் சான்றாகக் கொள்பவர், மற்ற உறுப்புகள் என்ன சொல்கின்றன என்றும் கேட்டாக வேண்டும் என்பது என் கட்சி.

இளம் மைசிடில் பை இருக்காது. அப்போது வாலைப் பார்க்க வேண்டும். வால்மடல்களின் உட்கிளையில், அடிப்பக்கத்தில், பக்கத்துக்கொன்றாக உருண்டைச் சமநிலை உறுப்பு மணிபோல் தெரியும். அசிடிஸின் வாலில் அது கிடையாது. வெயிலில் காய்ந்த சரக்கில் வால்மடல்தான் முதலில் ஒடியும். ஆகவே ஆய்வுக்கு வேண்டிய மாதிரியை, மணலில் பரப்புவதற்கு முன்பே வலையிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.