நாடாவில் இல்லாதது

மாடுலர் சிந்தசைசரில் ஒலி என்பது கம்பிகளின் ஏற்பாடு. ஒலியை உண்டாக்கும் ஆஸிலேட்டர், அதைச் செதுக்கும் ஃபில்டர், கூட்டிக் குறைக்கும் ஆம்ப்ளிஃபையர் எல்லாம் தனித்தனிப் பகுதிகள். எதை எதோடு கம்பியால் இணைக்கிறோம், எந்தக் குமிழை எவ்வளவு திருப்புகிறோம் என்பதுதான் 'பேட்ச்'. கம்பியைப் பிடுங்கினால் அந்த ஒலி போச்சு. ஒலியமைப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளும் புராஃபெட்-5 வந்தது 1978இல்தான். அதற்கு முன்பு பெரும்பாலும் தாள்தான் நினைவு. கருவியின் முகப்புப் படத்தில் கம்பிக்குக் கோடும் குமிழுக்குக் குறியும் போட்டு வைப்பார்கள்.

1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு ஒரு மூக் மாடுலர் வந்தது. அதை நிறுவிக்கொடுத்தவர் அமெரிக்கக் கலைஞர் டேவிட் டியூடர். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே இசை செய்து நாடாவில் பதிந்தார்கள். பல ஆண்டுகள் யாரும் கேட்காமல் கிடந்த அந்த நாடாக்களைப் பிரிட்டிஷ் கலைஞர் பால் பர்கஸ் தேடியெடுத்தார். 2023இல் அவை தொகுப்பாக வெளிவந்தன.

கேட்கும்போது பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் எத்தனை தடவை கேட்டாலும், எந்தக் கம்பி எங்கே போனது என்பதை நாடா முழுசாகச் சொல்லாது. தாளில் குறித்திருந்தாலும் போதாது. அறை சூடானால் பழைய ஆஸிலேட்டர்களின் சுருதி நகர்ந்துவிடும். அதைச் சரிக்கட்டியது வாசித்தவரின் காது.

சூடு என்றதும் எனக்குத் தப்பு ஞாபகம் வருகிறது. ஈப்போவில் எங்கள் வீட்டில் ஒரு கேசட் இருக்கிறது. சுங்கை சிப்புட் பக்கம் அப்பா பிறந்து வளர்ந்த தோட்டத்தின் கோயில் திருவிழா அதில் பதிவாகியிருக்கிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயமும் இல்லை, அடித்தவர்களும் இல்லை. அடி மட்டும் கேட்கிறது. தோலை நெருப்பில் எவ்வளவு நேரம் காட்டணும், எந்தச் சத்தம் வந்ததும் எடுக்கணும், சாமி வரும்போது எந்த அடிக்கு மாறணும், சாவு வீட்டில் எதை அடிக்கக் கூடாது? இதெல்லாம் கேசட்டில் இல்லை.

அகமதாபாத் நாடாக்களைப் பாதுகாக்க ஒரு நிறுவனம் இருந்தது, இசையமைத்தவர்களின் பெயர்களும் மிஞ்சின. தப்புக்கு அது வாய்க்காததற்குக் காரணம் வறுமை மட்டுமில்லை. தப்பைச் சாதியோடு சேர்த்துக் கீழே வைத்தோம். அதில் எழுதி வைக்க ஒரு வித்தை இருப்பதாக நமக்குத் தோன்றவே இல்லை. அடித்தவரின் பெயரைக்கூடக் கேசட் உறையில் யாரும் எழுதவில்லை.

இப்போது திருவிழாவுக்குப் போனால் எல்லார் கையிலும் கைப்பேசி. வீடியோ எடுங்கள், தப்பில்லை. அடித்து முடித்து அவர் உட்கார்ந்ததும் பக்கத்தில் போய், "அண்ணே, எப்படிக் காய்ச்சுனீங்க? யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" என்றும் கேளுங்கள். பெயரோடு எழுதி வையுங்கள்.